ஒரு நட்சத்திரக் குறியின் பின்னால்: ஆர்க் மோட் எப்படி இயங்குகிறது

கணினியில் சாதாரண உரைக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டு 'வீட்டு வேலைகள்' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் இரண்டு நட்சத்திரம் போட்டு 'செய்க சீட்டுப் பணம் கட்டுதல்' என்று எழுதுங்கள். அதற்கும் கீழே கோணக் குறிகளுக்குள் ஒரு தேதி: <2026-03-05 வியாழன்>. நோட்பேடில் பார்த்தால் இது மூன்று வரி எழுத்து, வேறொன்றுமில்லை. ஆர்க் மோட் என்ற மென்பொருளில் திறந்தால் முதல் வரி, மடித்தும் விரித்தும் பார்க்கக்கூடிய தலைப்பாகிவிடும். இரண்டாவது வரி அதற்குள் அடங்கிய, இன்னும் முடியாத பணியாகும். மூன்றாவது வரி அந்தப் பணியை மார்ச் 5ஆம் தேதிக்குரிய அட்டவணையில் கொண்டுபோய் நிறுத்தும்.

'செய்க' என்ற சொல்லைப் பணிக்குறியாக ஏற்க, கோப்பின் தலையில் ஓர் அறிவிப்பு வரி இருந்தால் போதும். தமிழ்ச் சொல்லாயிற்றே என்று ஆர்க் மோட் எந்தச் சிணுங்கலும் காட்டுவதில்லை. பெரிய நிறுவனங்கள் விற்கும் பணி மேலாண்மைச் செயலிகள் பலவற்றில் இந்தச் சுதந்திரம் இல்லை.

இதை 2003இல் எழுதத் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர். இளம் விண்மீன்களைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் தூசு வட்டுகளை ஆராய்பவர். தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்குள் அவர் எழுதிக்கொண்ட கருவி, 2007இல் ஈமாக்ஸ் 22ஆம் பதிப்புடனேயே சேர்ந்து வரத் தொடங்கியது. பிறகு பொறுப்பு பாஸ்டியன் கெரியிடம் போனது. இப்போது இஹோர் ராட்சென்கோவிடம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வசதிகள் குவிந்துகொண்டே வந்தாலும் ஒரு விதியை யாரும் தளர்த்தவில்லை: கோப்பில் எழுதியிருப்பது மட்டுமே உண்மை. பின்னணியில் தரவுத்தளம் எதுவும் இல்லை. மென்பொருள் தன் வசதிக்காக வேறு எதைச் சேர்த்து வைத்தாலும், கோப்பிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடியதாக அது இருக்க வேண்டும். புதிய வசதிகளில் உள்ள சுவையான பொறியியல் முழுவதும் இந்த விதியோடு மல்லுக்கட்டியதில் பிறந்ததுதான்.

முதலில், அந்தத் தேதிக்குள் எவ்வளவு அடங்கும் என்று பார்த்துவிடலாம். கிழமைக்குப் பின் ஒரு கூட்டல் குறி, ஓர் எண், பிறகு நாள், வாரம், மாதம் இவற்றில் ஒன்றைக் குறிக்கும் ஓர் எழுத்து. இவ்வளவு சேர்த்தால் பணி திரும்பத் திரும்ப வரும். பணியை முடித்ததாகக் குறித்தவுடன் ஆர்க் மோட் அந்த வரியிலுள்ள தேதியையே திருத்தி எழுதிவிட்டு, பணியை மறுபடி 'செய்க' நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அடுத்த தேதி எது? இதற்கு மூன்று விடைகள் உண்டு.

சீட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் கட்டவில்லை. மார்ச்சில் ஒரு தவணை கட்டுகிறீர்கள். தவறிய மாதம் தள்ளுபடியாகிவிடாது. ஒரு தவணைக்குத் தேதி ஒரு மாதம்தான் நகர வேண்டும்; இன்னும் பாக்கி இருப்பது கண்ணில் பட வேண்டும். இதற்கு ஒற்றைக் கூட்டல் குறி. ஞாயிறுதோறும் அத்தைக்கு போன் செய்வது வேறு ரகம். மூன்று வாரம் தவறிவிட்டால் ஒரே நாளில் மூன்று முறை பேச முடியாது. தவறியது தவறியதுதான், அடுத்தது வரும் ஞாயிறு. இதற்கு இரட்டைக் கூட்டல் குறி: பழைய தேதியிலிருந்து வாரம் வாரமாகத் தாண்டி, எதிர்காலத்தில் முதலில் வரும் ஞாயிறில் போய் நிற்கும். குடிநீர் வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்குக் கிழமையும் முக்கியமில்லை, பாக்கியும் இல்லை. கடைசியாகச் செய்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதுதான் கணக்கு. கூட்டல் குறிக்கு முன் ஒரு புள்ளி வைத்தால், இன்றைய தேதியிலிருந்து எண்ணும்.

கடன், வழக்கம், பராமரிப்பு என்று மூன்று விதமான காலக்கணக்கு. வேறுபாடு ஒரே ஒரு குறி. 'தினமும்', 'வாரந்தோறும்' என்று பொத்தான்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளும் செயலிகள் இந்த வேறுபாட்டை யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. பணி ஒவ்வொன்றுக்கும் அடையாள எண், வேலை செய்த நேரத்தின் பதிவு, நிலை மாறிய தேதிகள் எல்லாம் எழுத்தாகவே கோப்பில் இருந்தாக வேண்டும். பல ஆண்டுகள் பயன்படுத்தினால் கோப்பு பல்லாயிரம் வரிகளுக்கு வளர்ந்துவிடும். இந்த உபரி வரிகளை ஆர்க் மோட் 'டிராயர்' என்ற பகுதிகளில் போட்டு, திரையில் மடித்து மறைத்துவிடுகிறது. மடிப்பது சின்ன வேலை போலத் தோன்றும். 2022 நவம்பரில் வந்த 9.6ஆம் பதிப்பில் அதற்கான நிரலை அடியோடு மாற்றி எழுத வேண்டியிருந்தது.

எழுத்தை அழிக்காமல் கண்ணுக்கு மட்டும் மறைக்க ஈமாக்ஸில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஓவர்லே. உரையின் மேல் ஒட்டிய கண்ணாடித்தாள் போன்றது. 'இங்கிருந்து இதுவரை மறை' என்று தாளில்தான் எழுதியிருக்கும், உரைக்கு அது தெரியாது. மற்றொன்று, ஒவ்வோர் எழுத்தின் மீதும் 'நான் மறைந்திருக்கிறேன்' என்ற பண்பையே ஏற்றிவிடுவது. ஆர்க் மோட் தொடக்கம் முதல் ஓவர்லேயைத்தான் பயன்படுத்தியது. சிக்கல், பழைய ஈமாக்ஸ் இந்த ஓவர்லேக்களைச் சேமித்த விதத்தில் இருந்தது. எல்லாவற்றையும் இரண்டு நீண்ட பட்டியல்களாகக் கோத்து வைத்திருந்தது. அடுத்த ஓவர்லே எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பட்டியலை ஒவ்வொன்றாகப் புரட்டும். நூறு டிராயருக்கு இது தெரியாது. பத்தாயிரம் டிராயர் என்றால், அம்புக்குறியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை.

அதனால் 9.6இல் ராட்சென்கோ இரண்டாவது வழிக்கு மாறினார். எழுத்துப் பண்புகளை ஈமாக்ஸ் மர அமைப்பில், அதாவது கிளை கிளையாகப் பிரித்து, வைத்திருப்பதால் தேடல் வேகமானது. ஆனால் புதுத் தலைவலிகளும் கூடவே வந்தன. பண்பு எழுத்தோடு ஒட்டியிருப்பதால், மடித்த பகுதியிலிருந்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் அங்கேயும் எழுத்து மறைந்தே இருக்கும். நகலெடுக்கும்போதே அந்தப் பண்பைக் கழற்றிவிட வேண்டும். இன்னொன்று: ஒரே உரையை இரண்டு பார்வைகளாகத் திறந்து, ஒன்றில் மடித்தும் மற்றொன்றில் விரித்தும் வைப்பது பலருடைய பழக்கம். எழுத்து ஒன்றே என்பதால் பண்பும் ஒன்றே. ஒரு பக்கம் மடித்தால் மறுபக்கமும் மடிந்துவிடும். ஒவ்வொரு பார்வைக்கும் தனிப் பெயரில் ஒரு பண்பை உண்டாக்கி இதைச் சமாளித்தார்கள்.

இதற்கிடையில் 2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29, ஓவர்லேக்களையே சமநிலை மர அமைப்புக்கு மாற்றிவிட்டது. நோயின் மூலமே போய்விட்டது. இப்போது ஆர்க் மோட்டில் இரண்டு முறைகளும் இருக்கின்றன, எது வேண்டுமோ தேர்ந்துகொள்ளலாம். அடித்தளம் சரியாகும் வரை காத்திருந்தால் பாதி உழைப்பு மிஞ்சியிருக்கும் என்று சொல்பவர்களும் இருக்கலாம். பழைய ஈமாக்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கானோரை நினைத்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மடிப்பை விடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: சுட்டி நிற்கும் இந்த இடம் என்ன? தலைப்பா, பட்டியலா, அட்டவணையா, நிரல் துண்டா? வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் தலைப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்றாம் வரியில் ஒரு பகுதி தொடங்கி நானூறாம் வரியில் முடிந்தால், இருநூறாம் வரியில் நிற்பவருக்குத் தான் எதற்குள் இருக்கிறோம் என்பது மேலிருந்து படித்து வந்தால்தான் தெரியும். இந்த வாசிப்பை முறைப்படுத்தி முழுமையான பாகுபடுத்தி (உரையை உறுப்புகளாகப் பிரித்தறியும் நிரல்) ஒன்றை எழுதியவர் நிக்கோலா கோசியு. 2013இல் வந்த 8.0 பதிப்பின் ஏற்றுமதி வசதிகள் அதன் மேல்தான் கட்டப்பட்டன. ஒருமுறை பாகுபடுத்தியதைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்தும் கேஷ் ஒன்றையும் அவரே எழுதினார். அது அவ்வப்போது நிலைகுலைந்து ஈமாக்ஸையே முடக்கியதால் வழக்கமான அமைப்பில் அணைத்தே வைத்திருந்தார்கள். நெடுநாள் தூங்கிய அந்தக் கேஷைச் செப்பனிட்டு, எல்லோருக்கும் இயல்பாக இயங்கும்படி வெளியிட்டதுதான் 9.6இன் பெரிய சாதனை.

ஏன் அது அவ்வளவு கடினம்? கேஷில் ஒவ்வோர் உறுப்பும் 'எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எத்தனையாவது எழுத்தில் முடிகிறேன்' என்ற எண்களோடு இருக்கிறது. பெரிய கோப்பின் முதல் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால், கீழே உள்ள அத்தனை உறுப்புகளின் எண்களும் ஒன்று பிசகிவிடும். ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் அவை எல்லாவற்றையும் திருத்த நேரம் ஏது? அதனால் உடனே திருத்துவதில்லை. 'இந்த இடத்துக்குக் கீழே எல்லாவற்றுக்கும் ஒன்று கூட்டு' என்று ஒரு கோரிக்கையைக் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. உங்கள் கை 0.6 விநாடி ஓய்ந்தால் வேலையைத் தொடங்கும். ஒரு தவணைக்கு 0.04 விநாடி என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு உங்களுக்கு வழிவிடும். இடையில் நீங்கள் கோப்பின் நடுவுக்குத் தாவி ஏதேனும் கேட்டால், அந்த இடம் வரைக்கும் மட்டும் கணக்கைத் தீர்த்துவிட்டு விடை சொல்லும். உறுப்புகளெல்லாம் ஏவிஎல் மரம் என்ற, 1962இல் சோவியத் கணித அறிஞர்கள் இருவர் வெளியிட்ட சமநிலை மர அமைப்பில் அடுக்கப்பட்டிருப்பதால், பல்லாயிரம் உறுப்புகளுக்குள் ஒன்றைத் தேடப் பதினைந்து இருபது ஒப்பீடுகள் போதும்.

ஈமாக்ஸை மூடும்போது இந்தக் கேஷ் வட்டில் எழுதப்படுகிறது, கூடவே கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட முத்திரை எண்ணும். மறுமுறை திறக்கையில் முத்திரை பொருந்தினால் பழைய கேஷ் அப்படியே உயிர்பெறும். இடையில் நீங்கள் கோப்பை வேறொரு கருவியில் ஓர் எழுத்து திருத்தியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. கேஷை முழுவதுமாகக் கழித்துவிட்டு முதலிலிருந்து படிக்கும். கோப்பே உண்மை என்ற விதி இங்கேதான் சோதனைக்கு உள்ளாகிறது. நோட்பேடில் திருத்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்ற உறுதி இல்லாவிட்டால், 'சாதாரண உரை' என்பது பெயரளவுக்குத்தான்.

2024 ஜூனில் வந்த 9.7 இந்தச் சோம்பலை இன்னொரு படி கொண்டுபோனது. உறுப்பின் பண்புகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிடாமல், யாராவது கேட்கும்போது மட்டும் கணக்கிடுகிறது. வேறு வசதிகளும் வந்தன. நகலெடுத்த படத்தை நேரடியாகக் கோப்பில் ஒட்டலாம். படம் தனி அடைவில் போய் அமர, உரையில் ஓர் இணைப்பு வரி மட்டும் சேரும். ஆய்வாளர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு 2021இல் 9.5 கொண்டுவந்த மேற்கோள் தொடரமைப்புதான். ஆனால் அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆர்க் மோட்டின் அட்டவணைகள் செங்குத்துக் கோடுகளும் இடைவெளிகளும் கொண்டு வரைந்தவை. எழுத்துகள் சம அகலம் கொண்டவை என்ற நம்பிக்கையில் நேர்ப்படுபவை. நம் எழுத்துருக்களில் 'ஞை'யும் 'ர'வும் ஒரே அகலத்தில் அடங்குமா? கோடுகள் வரிக்கு வரி ஆடும். கணக்கு பிழைபடாது, கண்ணுக்குத்தான் எரிச்சல். பிக்சல் அளவில் நேர்ப்படுத்தும் துணை நிரல்கள் உண்டு. உரைக்குள் ஒன்றையும் மாற்றாமல், திரையில் மட்டும் இடைவெளியை நீட்டிச் சுருக்கிக் காட்டுகின்றன.

'வெறும் எழுத்துதானே, என்ன ஆபத்து' என்று கேட்பவர்களுக்கு 2024 ஒரு விடை வைத்திருந்தது. எழுத்தைப் படித்துச் செயல்படும் மென்பொருள் இருக்கும்போது எழுத்து கட்டளையாகிவிடும். நீளமான இணைய முகவரிகளுக்குக் கோப்பின் தலையில் சுருக்கப் பெயர் அறிவிக்கும் வசதி ஆர்க் மோட்டில் நெடுங்காலமாக உண்டு. சுருக்கத்தை முகவரியாக விரிக்க, விரும்பிய ஒரு செயற்கூற்றின் (பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல் பகுதியின்) பெயரையும் அங்கே கொடுக்கலாம். எந்தச் செயற்கூறு என்று யாரும் சரிபார்க்கவில்லை. இயக்கமுறைமைக்குக் கட்டளை அனுப்பும் செயற்கூற்றின் பெயரைக் கொடுத்துத் தயாரித்த கோப்பை நீங்கள் திறந்து பார்த்தாலே போதும், அந்தக் கட்டளை ஓடிவிடும். பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, எச்சரிக்கையும் வராது. இத்தனைக்கும் கோப்புக்குள் எழுதும் நிரல் துண்டுகளை இயக்கும் முன் 'ஓட்டலாமா' என்று கேட்கும் காவல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. சுருக்கப் பெயர் என்ற சின்னச் சன்னலை எவரும் பூட்டவில்லை. 2024 ஜூன் 22 அன்று ஈமாக்ஸ் 29.4 அவசரப் பதிப்பாக வந்தது. ஆர்க் மோட் 9.7.5உம் கூடவே வந்தது. பாதுகாப்பானவை என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட செயற்கூறுகளையும், பக்கவிளைவு இல்லாத தூய செயற்கூறுகளையும் மட்டுமே சுருக்க விரிவுக்கு அது இப்போது அழைக்கிறது. மற்றவற்றுக்கு எச்சரிக்கை காட்டிவிட்டு இணைப்பை விரிக்காமலே விட்டுவிடுகிறது. உங்கள் ஈமாக்ஸ் அதற்கு முந்தையது என்றால், அறியாதவர் அனுப்பிய ஆர்க் கோப்பைத் திறக்கும் முன் பதிப்பைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.