மச்சத்தின் மச்சம்

தமிழில் மச்சம் என்றால் மீன். தோலில் இருக்கும் புள்ளிக்கும் அதே பெயர்தான். இரண்டு பொருளும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்த பிராணி திமிங்கலச் சுறா. பெயரில் திமிங்கலம் இருந்தாலும் அது மீன், உலகிலேயே பெரிய மீன். 18 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. அவ்வளவு பெரிய உடம்புக்குத் தீனி மிதவை உயிரிகளும் பொடி மீன்களும்தான். வாயைப் பிளந்தபடி நீந்தும். உள்ளே வரும் தண்ணீரை வடிகட்டி வெளியே விட்டுவிட்டு மிச்சத்தை விழுங்கும். பக்கத்தில் மனிதர் நீந்தினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதனாலேயே அதனோடு நீந்த ஆட்கள் காசு கொடுத்துப் படகு ஏறுகிறார்கள், கையில் கேமராவுடன்.

இந்த இனம் 2016 முதல் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ளது. சரி, எத்தனைதான் இருக்கின்றன? காட்டு யானையைக் கணக்கெடுப்பதே பெரும்பாடு. இது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலையும், பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி மறையும். தோலில் எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டையைக் குத்திப் பார்த்தார்கள். பட்டை கழன்று விழும். விழாவிட்டாலும் அந்த எண்ணைப் படிக்க யாராவது மறுபடி அருகே போய் நிற்க வேண்டும்.

அதன் மேல் ஏற்கனவே எண் எழுதித்தான் இருக்கிறது, நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சாம்பல் நிற முதுகெங்கும் வெளிறிய புள்ளிகள், இடையிடையே கோடுகள். ஒரு மீனின் புள்ளி அமைப்பு இன்னொன்றுக்கு வராது. ஆண்டுகள் போனாலும் மாறாது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நிங்கலூ பவளத்திட்டில் பிராட் நார்மன் என்ற உயிரியலாளர் 1995 முதல் இப்படிப் படங்களைச் சேர்த்துவந்தார். ஐம்பது படம் இருந்தால் கண்ணால் ஒப்பிட்டுவிடலாம். ஐயாயிரம் இருந்தால்?

விடை வானத்திலிருந்து வந்தது. இருட்டுப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் என்றால் வானியலாளருக்கு அது நட்சத்திரப் படம். ஒரே வானத்தை இரண்டு தொலைநோக்கிகள் எடுத்தால் ஒரு படம் சுழன்றிருக்கும், இன்னொன்று பெரிதாக இருக்கும். எந்தப் புள்ளி எந்தப் புள்ளி என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு 1986இல் எட்வர்ட் குரோத் ஒரு வழிமுறை எழுதியிருந்தார். நாசாவின் வானியற்பியலாளர் ஸாவென் அர்சுமானியன், மென்பொருள் எழுதும் ஜேசன் ஹோம்பர்க், நார்மன் ஆகிய மூவரும் அதைச் சுறாவுக்குப் பொருந்தும்படி மாற்றி 2005இல் வெளியிட்டார்கள்.

சூட்சுமம் முக்கோணத்தில் இருக்கிறது. படத்தில் ஏதாவது மூன்று புள்ளிகளை இணையுங்கள். பக்கங்கள் 60, 80, 100 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதே மீனை இன்னொருவர் பாதித் தூரத்திலிருந்து எடுத்தால் 120, 160, 200 ஆகும். எண்கள் மாறின, ஆனால் பெரிய பக்கத்தைச் சிறிய பக்கத்தால் வகுத்தால் இரண்டிலும் 1.67. கேமராவைச் சாய்த்துப் பிடித்தாலும் அதுவே. இடையில் மீன் வளர்ந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது, புள்ளிகளும் தோலோடு சேர்ந்து விரிவதால். 40 புள்ளிகளை வைத்து 9,880 முக்கோணம் போடலாம். ஒரு படத்தின் முக்கோணங்களை இன்னொன்றோடு ஒப்பிடும்போது சில தற்செயலாக ஒத்துப்போகும். அவற்றைக் கழிக்கவும் வழி உண்டு: உண்மையான ஜோடிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மடங்கு பெரிதாகியிருக்கும், போலி ஜோடிகள் ஆளுக்கொரு மடங்கு காட்டும். மிஞ்சியவை 'இந்தப் புள்ளிதான் அந்தப் புள்ளி' என்று ஓட்டுப் போடும். ஓட்டு குவிந்தால் அதே மீன். கடைசி முடிவை மட்டும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து உறுதி செய்கிறார்.

முழு உடம்பும் தேவையில்லை. ஐந்தாவது செவுள் பிளவுக்குப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதி போதும். ஆனால் இடப்பக்கத்துப் புள்ளிகள் வேறு, வலப்பக்கத்துப் புள்ளிகள் வேறு. ஒருவர் இடப்பக்கத்தையும் இன்னொருவர் வலப்பக்கத்தையும் எடுத்தால் ஒரே மீன் இரண்டாகக் கணக்கில் ஏறும். அதனால் முதலில் இடப்பக்கம் என்று வழக்கமாக்கிவிட்டார்கள். திறந்த வாயை நேருக்கு நேர் எடுத்த படம் பார்க்க அருமையாக இருக்கும், கணக்குக்கு உதவாது. மூன்று மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த மங்கலான படத்துக்கு மதிப்பு அதிகம். கூடவே தேதியும் இடமும் வேண்டும். வால் பக்கம் இன்னும் ஒரு மீட்டர் தள்ளியே இருங்கள். அடி பட்டால் தெரியும்.

அடையாளம் தெரிந்ததும் எண்ணிக்கை எப்படி வருகிறது? ஒரு பருவத்தில் 50 மீன்களைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்த பருவத்தில் 60. அவற்றில் 20 பழைய முகங்கள். அதாவது இப்போது கண்ணில் படுவதில் மூன்றில் ஒன்று முன்பே தெரிந்தது. அப்படியானால் முதலில் எடுத்த 50ம் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மொத்தம் 150. பழைய முகம் குறையக் குறைய மதிப்பீடு கூடும். உண்மையில் மீன்கள் வரும், போகும், சாகும். அதற்கெல்லாம் திருத்தம் போடும் சமன்பாடுகள் நீளமானவை. அடிப்படை இதுதான்.

1992 முதல் 2014 வரை 54 நாடுகளில் எடுக்கப்பட்டு ஒரு இணையத் தரவுத்தளத்தில் சேர்ந்த 28,776 பதிவுகளை நார்மன் குழுவினர் 2017இல் அலசினார்கள். தனித்தனி மீன்கள் 6,091. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சியாளர்கள் அல்ல, விடுமுறைக்குப் போனவர்கள். பின்னாளில் யாரும் அனுப்பக்கூடக் காத்திருக்கவில்லை. ஒரு மென்பொருள் தினமும் யூடியூபில் திமிங்கலச் சுறா வீடியோக்களைத் தேடிப் பார்த்து, தேதி, இடம் விடுபட்டிருந்தால் பதிவிட்டவரிடமே கேள்வி கேட்டது. வீடியோவுக்கு வந்த கருத்து ஒரு இயந்திரத்தினுடையது என்று எத்தனை பேருக்குத் தெரிந்ததோ!

இதில் ஒரு கோணல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. படகு போகும் இடத்தில்தான் படம் வரும். கரையோரம் கூடுபவை பெரும்பாலும் பருவம் எய்தாத ஆண் மீன்கள். பதிவுகளிலும் அவைதான் நிறைந்திருக்கின்றன. வளர்ந்த பெண் மீன் அரிது. பசிபிக் கடலில் உள்ள கலபகோஸ் தீவுக்கூட்டத்தின் டார்வின் தீவருகே வயிறு பருத்த பெரிய பெண் மீன்கள் வந்து போகின்றன. அங்கே போகும் முக்குளிப்போர் குறைவு. 1995இல் தைவானில் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் ஏறத்தாழ 300 குட்டிகள் இருந்தன. அத்தனை குட்டிகளையும் அவை எங்கே ஈனுகின்றன என்பதை மட்டும் இதுவரை எந்தச் சுற்றுலாக் கேமராவும் பார்த்ததில்லை.