சைக்கிளில் போகும்போது வண்டி இடித்தால்: இழப்பீடு கேட்பது எப்படி?

சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். அதனாலேயே, விபத்து நடந்தால் கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் எதிர்த்தரப்பு "உன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?" என்று சத்தம் போட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். காகிதம் வைத்திருக்க வேண்டியவர் இடித்த வண்டிக்காரர்தான். பொது இடத்தில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. அந்த மூன்றாம் நபர், நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும்தான். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் மாணவிக்கும் இதே உரிமை உண்டு. அவர் மைனர் என்பதால் அப்பாவோ அம்மாவோ காப்பாளராக இருந்து வழக்குப் போட வேண்டும்.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

முதல் இரண்டு நாள்

எந்த இழப்பீட்டு வழக்கும் முதல் இரண்டு நாளில் எழுதப்படும் காகிதங்களில்தான் நிற்கிறது. சிகிச்சைதான் முதல் வேலை, 108-ஐக் கூப்பிடுங்கள். காசில்லை என்று தயங்க வேண்டாம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பொருந்தும். தூக்கிக்கொண்டு போய் சேர்த்தவரைப் பெயர் சொல்லச் சொல்லியோ, சாட்சி சொல்லச் சொல்லியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். என்பது இதுதான். "எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது?" என்று அவர் கேட்பதற்குக் கூட வந்தவர் சொல்லும் ஒரு வரிதான் பின்னாளில் வழக்கின் அச்சாணி. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயத்தில் "சைக்கிளிலிருந்து தானாக விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார்கள். சில சமயம் இடித்தவரே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்து, பக்கத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல வைப்பார். இரண்டு மாதம் கழித்து எலும்பு சேரவில்லை, வேலை போய்விட்டது என்று வழக்குப் போடும்போது, இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஏ.ஆர். நகலை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் நீட்டும். பிறகு எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் ஈடுகட்டுவது கடினம். ஆகவே உள்ளது உள்ளபடி, இடித்த வண்டி பைக்கா, காரா, லாரியா, நம்பர் தெரிந்தால் நம்பர், தெரியாவிட்டால் 'நம்பர் தெரியாத வெள்ளை நிற வேன்' என்றாவது சொல்லுங்கள். என்ன எழுதினார்கள் என்று ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் பெரும்பாலும் முதலில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வாங்கியதற்கான ஒப்புகைதான் அது. அதை வைத்து இழப்பீடு கேட்க முடியாது. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281-ஆவது பிரிவு, காயத்துக்கு 125(ஏ), கொடுங்காயத்துக்கு 125(பி), மரணத்துக்கு 106(1). புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்றலாம். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நொறுங்கிய சைக்கிளை அவசரப்பட்டு கடையில் விடாதீர்கள். பின் சக்கரம் வளைந்திருந்தால் பின்னாலிருந்து இடித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இடித்த பாகம், பெயின்ட் ஒட்டிய இடம், ரிப்ளெக்டர், சாலையில் கிடந்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கடைகளின் சி.சி.டி.வி. பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து மேலெழுதப்பட்டுவிடும். எந்தக் கடைகளில் கேமரா இருக்கிறது என்று குறித்து, பதிவை எடுத்துவைக்கும்படி போலீசுக்கு எழுத்து மூலமாகக் கொடுங்கள்.

இடித்த வண்டியின் டிரைவருக்கும் கடமை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நம்பர் கிடைத்துவிட்டால், எம்பரிவாஹன் செயலியில் போட்டாலே எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ், எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும்.

"பேசி முடிச்சுக்கலாம்" என்று பத்தாயிரத்தை நீட்டுவார்கள். தலையில் பட்ட அடியும் மூட்டில் பட்ட அடியும் அன்றே முழுதாகத் தெரிவதில்லை. 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் பிறகு உங்களுக்கு எதிராகவே வரும்.

மூன்று கதவுகள்

வண்டி அடையாளம் தெரியாமல் போய்விட்டால் 161-ஆவது பிரிவு. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முன்பு இவை 25,000, 12,500 என்றிருந்தன. கொடுங்காயம் என்றதும் கை கால் போனால்தான் என்று நினைக்க வேண்டாம். எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைவதுகூட அதில் அடங்கும். இதற்கு நீதிமன்றம் போகத் தேவையில்லை. விபத்து நடந்த பகுதியின் விசாரணை அலுவலரான வருவாய்த் துறை அதிகாரியிடம் படிவம் 1-ஐக் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, வங்கி பாஸ்புக் நகல் சேர்க்க வேண்டும். அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப, மாவட்ட ஆட்சியர் ஒப்புதல் தருவார். பணம் நேரடியாகக் கணக்குக்கு வரும். பின்னால் வண்டி பிடிபட்டு வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தத் திட்டம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு இழப்பீடு கேட்கலாம் என்று அடிபட்டவருக்கோ குடும்பத்துக்கோ போலீசே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் அந்த உத்தரவைச் சொல்லியே கேளுங்கள்.

இரண்டாவது 164-ஆவது பிரிவு. வண்டி எது என்று தெரியும், ஆனால் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க முடியாது என்ற நிலைக்கு இது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், தப்பை நிரூபிக்கவே வேண்டாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி சமரச முறையில் தரும் இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள பெரிய வழக்கு காலாவதியாகிவிடும். சம்பாதிக்கிற வயதில் கால் ஊனமானவர், 2.5 லட்சம் உடனே வருகிறதே என்று கையெழுத்துப் போட்டால் நஷ்டம் பல லட்சம்.

மூன்றாவதுதான் முழு இழப்பீட்டுக்கான 166-ஆவது பிரிவு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் இந்த வழக்கைக் கோர்ட் வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2022 ஏப்ரலுக்குப் பிறகான விபத்துகளுக்கு ஆறு மாத கால வரம்பு சட்டத்தில் வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

2022 விதிகளின்படி போலீசும் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இது தாமதமாகிறது. அறிக்கை போயிருக்கிறதா என்று ஸ்டேஷனில் விசாரிப்பது உங்கள் வேலையாகத்தான் இருக்கும்.

தொகை எப்படி வருகிறது

மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும், உடன் இருந்து பார்த்தவருக்கு, போக்குவரத்துக்கு, சத்தான உணவுக்கு என்று தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும். நிரந்தர ஊனம் இருந்தால் எதிர்கால வருமான இழப்புதான் பெரிய தொகை.

38 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழிலாளி என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. வயதைப் பொறுத்து இந்த ஆண்டுத் தொகையை ஓர் எண்ணால் பெருக்குவார்கள், அதுதான் பெருக்கெண். 36 முதல் 40 வயது வரை அது 15, மொத்தம் 37,80,000. அவருடைய வேலைத்திறன் 20 சதவீதம் குறைந்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் இந்தத் தலைப்பில் மட்டும் 7,56,000. மருத்துவர் சொல்லும் ஊன சதவீதமும் வேலைத்திறன் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழங்கால் மடங்காத கணக்காளர் வேலையைத் தொடரலாம், கொத்தனாரால் சாரத்தில் ஏற முடியாது. என்ன வேலை, அதில் எது முடியாமல் போனது என்பதைச் சாட்சியத்தில் விவரமாகச் சொன்னால்தான் சதவீதம் உயரும். வருமானத்துக்கு ரசீது இல்லாவிட்டாலும் வழக்கு விழாது. நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு, மேஸ்திரியின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

சைக்கிளின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். பொருள் சேதத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு உண்டு. பலர் அந்தத் தலைப்பை விட்டுவிடுகிறார்கள். பில் இருந்தால் நல்லது.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது

"சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார்" என்பது கிட்டத்தட்ட எல்லாப் பதில் மனுவிலும் இருக்கும். பெரிய வண்டி மேல்தான் எப்போதும் தப்பு என்பது தெருப்பேச்சு, சட்டம் அல்ல. உங்கள் பங்கு 25 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் தொகையில் கால்வாசி கழிந்துவிடும். இருட்டில் விளக்கோ ரிப்ளெக்டரோ இல்லாமல் ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது, கை காட்டாமல் திரும்புவது ஆகியவைதான் வழக்கமாகக் கழிவுக்குக் காரணமாகின்றன. ஹெல்மெட் போடவில்லை என்ற வாதம் வந்தால், 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, சைக்கிளுக்கு அல்ல என்று பதில் சொல்லலாம். இங்கே நிரூபணமும் கிரிமினல் வழக்கு அளவுக்குத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். கிரிமினல் கோர்ட்டில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீடு கிடைத்த வழக்குகள் ஏராளம்.

வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓரமாக நின்ற கார்க் கதவைப் பட்டென்று திறந்ததில் விழுந்தாலும், விளக்கில்லாமல் நிறுத்திய லாரியில் மோதினாலும் வாகனத்தின் பயன்பாட்டால் ஏற்பட்ட விபத்து என்றே வாதிடலாம்.

டிரைவரிடம் லைசென்ஸ் இல்லை என்றால் பெரும்பாலும் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவு வரும். வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளரின் சொத்துதான் கதி. அரசுப் பேருந்து இடித்திருந்தால் எதிர்மனுதாரர் போக்குவரத்துக் கழகமே. அவர்கள் பணம் கட்டாமல் இழுத்தடித்து, பஸ் ஜப்தியாகும் செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம்.

வக்கீல் விஷயத்தில் கவனம் தேவை. மருத்துவமனை வார்டுக்கே ஆள் அனுப்பி "வர்றதுல முப்பது பர்சென்ட்" என்று பேசுவது பார் கவுன்சில் விதிக்கு முரணானது. பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-இல் கூப்பிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பு வந்தால் எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் தொகையைக் கட்ட வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் வழக்கமாக 7.5 சதவீதம். தொகை குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். வெற்றுத்தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று மனுவிலேயே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.