உங்கள் எழுத்துக்கு வெளிநாட்டில் என்ன உரிமை? பெர்ன் உடன்படிக்கை பற்றி

மதுரையில் இருக்கும் ஒருவர் எழுதிய நாவலை, பாரிஸில் உள்ள பதிப்பகம் அவர் அனுமதியில்லாமல் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விற்க முடியாது. இதற்காக அவர் பிரான்சில் எதையும் பதிவு செய்ய வேண்டாம், கட்டணமும் கட்ட வேண்டாம். 1886 செப்டம்பர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை தரும் பாதுகாப்பு இது. இந்தியா 1928 முதல் இதில் உறுப்பு நாடு.

அதற்கு முன் நிலைமை மோசம். அமெரிக்காவின் 1790 சட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே பதிப்புரிமை தந்தது. லண்டனில் வெளியான நாவல் கப்பலில் வந்து இறங்கியதும் அமெரிக்க அச்சகங்கள் மலிவுப் பதிப்பு போட்டுவிடும். சட்டப்படி எழுதியவருக்கு ஒரு காசு தர வேண்டியதில்லை. 1842இல் அங்கே போன ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் விருந்து மேடைகளிலேயே இதைப் பேசினார். அங்குள்ள பத்திரிகைகள் அவரைத்தான் பணத்தாசை பிடித்தவர் என்று திட்டின. 1878இல் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவை முன்னிறுத்தி பாரிஸில் எழுத்தாளர்கள் தொடங்கிய சங்கம்தான் பெர்னுக்கு வழி போட்டது.

அடிப்படை விதி எளிது: ஒரு நாடு தன் எழுத்தாளருக்குத் தரும் உரிமையை மற்ற உறுப்பு நாட்டு எழுத்தாளருக்கும் தர வேண்டும். 1908இல் பெர்லினில் நடந்த திருத்தம் இன்னும் பெரிய காரியம் செய்தது. பதிவு, முத்திரை போன்ற எந்தச் சடங்கும் இல்லாமல் உரிமை தானாகவே பிறக்கும் என்றது. அலுவலகம் ஏறி இறங்க வசதியில்லாத எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. 1928இல் ரோமில் இன்னொன்று சேர்ந்தது: உரிமையை விற்றுவிட்டாலும், படைப்பில் தன் பெயர் இருக்கவும், மதிப்பைக் கெடுக்கும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இது 57ஆம் பிரிவு.

காலக்கெடுவைப் பொறுத்தவரை, பெர்ன் கேட்பது குறைந்தபட்சம் ஆயுளும் இறந்தபின் 50 ஆண்டுகளும். இந்தியாவில் அது 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. ஆனால் இந்தியப் படைப்புக்கு அங்கேயும் 60 ஆண்டுதான். சொந்த நாட்டுக் கெடு முடிந்தால் அங்கும் முடிந்துவிடும்.

அமெரிக்கா 1989இல்தான் பெர்னில் சேர்ந்தது. 1995 முதல் உலக வணிக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் பெர்ன் விதிகளைத் தன் உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. வருத்தம் என்னவென்றால், ரோமில் கிடைத்த அந்தப் பெயருரிமையையும் சிதைப்பை எதிர்க்கும் உரிமையையும் மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது எது? பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தம். இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எந்தெந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்கு மட்டும் என்றே கொள்ளப்படும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. ‘உலகம் முழுவதும்’, ‘அனைத்து மொழிகளிலும்’ என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் அதற்குத் தனியாக எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள்.