மேட்டா, கிளாஸியா? முதலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்

கடையில் அடுக்கி வைத்த லேப்டாப்களில் கண்ணை முதலில் இழுப்பது பளபளக்கும் கிளாஸி திரைதான். கறுப்பு மைக்கறுப்பாக இருக்கும், நிறங்கள் ஈரம் காயாத பெயின்ட் மாதிரி மின்னும். அங்கே ஓடும் டெமோ வீடியோவும் அதற்கென்றே எடுத்ததுதான். அதே லேப்டாப்பை வீட்டில் டியூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து திறந்தால், திரைக்குள் ஒரு டியூப்லைட், ஒரு காலண்டர், நடுவில் உங்கள் முகம்.

ஆகவே எந்தத் திரை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் திரைக்கு எதிரே என்ன இருக்கப் போகிறது என்று பார்க்க வேண்டும். திரைக்கு எதிரே இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பவையும்தான்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கண்ணாடி போட்ட படம் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். லேப்டாப் அளவுக்கு இருந்தால் நல்லது. கண்ணாடிக்கு அடியில் கறுப்புச் சார்ட் பேப்பரைச் செருகி, வழக்கமாக வேலை செய்யும் மேஜையில், வேலை செய்யும் நேரத்தில், லேப்டாப் மூடி நிற்கும் சாய்விலேயே நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. ஜன்னலோ விளக்கோ கண்ணாடியில் தெரிந்தால் பளபளப்பில்லாத மேட் திரை வாங்குங்கள். மங்கலான சுவர் மட்டும் தெரிந்தால் கிளாஸி உங்களைத் தொந்தரவு செய்யாது. இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் பலர் யூடியூப் விமர்சனங்களில் பத்து மணி நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது ஏன் என்று புரியும். மேலே பூச்சு எதுவும் இல்லாத சாதாரணக் கண்ணாடியின் மேல்தளம், தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 4 சதவீதம்தானே என்று தோன்றும். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறீர்கள், சட்டையின் மேல் 500 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைப்போம். சட்டை ஏறக்குறைய 125 நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு) பிரகாசத்தில் தெரியும். அதில் 4 சதவீதம் 5 நிட்ஸ். உங்கள் திரையின் வெள்ளை 250 நிட்ஸ், கறுப்பு 0.25 நிட்ஸ், அதாவது பெட்டியில் போட்டிருக்கும் 1000:1 கான்ட்ராஸ்ட். இரண்டோடும் அந்த 5 நிட்ஸைக் கூட்டினால் 255க்கு 5.25. ஆயிரம் இருந்த கான்ட்ராஸ்ட் 50க்கு அருகில் வந்துவிட்டது, அதுவும் வெறும் சட்டையால். ஜன்னல் வழியே தெரியும் பகல் வானம் 4000 நிட்ஸ் இருந்தால் பிரதிபலிப்பு 160 நிட்ஸ். அந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்கு இரண்டரை என்ற விகிதத்தில்தான் நிற்கும். நேர் வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டை மட்டுமே 1000 நிட்ஸைத் திரையில் கொட்டும். மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்து வேலை செய்ய ஏற்ற லேப்டாப் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மேட் திரையும் அங்கே சாம்பல் பூத்துத்தான் தெரியும்.

மேட் திரையும் ஒளியைத் தின்றுவிடுவதில்லை. அதன் மேல்தளத்தில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கிறது. வந்த ஒளியை ஒரே திசையில் திருப்பாமல் நாலா பக்கமும் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். கடையில் போன் டார்ச்சைக் காதோரம் பிடித்து, அணைத்து வைத்த திரையைப் பாருங்கள். கிளாஸியில் டார்ச் ஒரு கூர்மையான புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் கறுப்பு. மேட்டில் அந்தப் புள்ளி கரைந்து, உள்ளங்கை அளவு வெளிறிய வட்டமாகப் பரவியிருக்கும். நாலு பக்கமும் வெளிச்சம் நிரம்பிய அலுவலகத்தில் மேட் திரையின் கறுப்பு முழுவதும் லேசாக வெளுப்பது இதனால்தான். இருட்டறையில் படம் பார்க்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சிதறல் உள்ளிருந்து வரும் ஒளிக்கும் உண்டு. பட்டர் பேப்பரை நாளிதழ்மேல் ஒட்டினாற்போல் வையுங்கள், எழுத்து படிக்கக் கிடைக்கும். அரை அங்குலம் தூக்குங்கள், எழுத்து கரைந்துவிடும். சொரசொரப்பான தளம் பிக்சலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு கூர்மை. தொழிற்சாலையிலிருந்தே மேட்டாக வரும் பேனலில் (படம் காட்டும் திரைப்பகுதி) இந்த இடைவெளி மிகக் குறைவு. கண்ணாடி போர்த்திய திரையின்மேல் நாமாக ஒட்டும் மேட் ஃபிலிமில் இடைவெளி அதிகம். இரண்டும் ஒரே மேட் அல்ல என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் என்றால் நிறம் செத்துப்போகும் என்ற பேச்சு பாதி அவதூறு. குறைந்த விலை லேப்டாப்களில் போடும் பேனல்கள் பெரும்பாலும் மேட், கூடவே அவை 45% என்டிஎஸ்சி பேனல்கள், அதாவது என்டிஎஸ்சி என்ற பழைய டிவி நிற அளவுகோலின் பரப்பில் 45 சதவீதத்தை மட்டும் காட்டுபவை. கணினிக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் பரப்பு 72% என்டிஎஸ்சிக்குச் சமம். அதாவது இந்தப் பேனல்கள் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடுவதில்லை. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறதென்றால் குற்றவாளி இந்த எண். பழி விழுவதோ மேல்பூச்சின் தலையில். 100% எஸ்ஆர்ஜிபி உள்ள மேட் பேனல் ஒன்றையும் 45% என்டிஎஸ்சி கிளாஸி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். போட்டோ, டிசைன் வேலை செய்பவர்கள் பூச்சைவிட இந்த எண்ணுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மேட்டுக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. வெள்ளைப் பக்கத்தைத் திறந்து தலையை லேசாக இடம் வலம் அசைத்தால், சில திரைகளில் சர்க்கரை தூவியதுபோல் நிறநிறமாகச் சின்ன மினுமினுப்பு நகரும். பூச்சின் துகள்கள் பிக்சலோடு போட்டியிடும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் இப்படி ஆகும். நாள் முழுக்க வேர்ட் கோப்பில் வாழ்பவர்களுக்கு இது எரிச்சல். கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இனி இணையத்தில் வாங்கும்போது படிக்க வேண்டிய ஒரு வரி, திரையின் விவரக்குறிப்பு. இப்படி இருக்கும்: 15.6 இன்ச், எஃப்எச்டி, ஐபிஎஸ், 300 நிட்ஸ், ஆன்டி-கிளேர், 45% என்டிஎஸ்சி. எஃப்எச்டி என்பது ரெசல்யூஷன், ஐபிஎஸ் என்பது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை. ஆன்டி-கிளேர் என்றால் மேட். ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் என்பது வேறு. அது பிரதிபலிப்பின் அளவையே குறைக்கும் மெல்லிய அடுக்குப் பூச்சு, மூக்குக்கண்ணாடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னுகிறதே, அந்த இனம். அது உள்ள திரை பார்வைக்குக் கிளாஸியாகவே இருக்கும். ஆன்டி-ஸ்மட்ஜ் என்பது கைரேகை ஒட்டாமல் இருக்க மட்டும். எச்பியில் பிரைட்வியூ, ஏசரில் கிரிஸ்டல்பிரைட், டெல்லில் ட்ரூலைஃப் என்றெல்லாம் பழைய மாடல்களில் பார்த்தால், எல்லாம் கிளாஸிக்கு வைத்த செல்லப் பெயர்கள். மைக்ரோ-எட்ஜ் என்பது விளிம்பைப் பற்றியது, திரைப்பூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதுவுமே எழுதாமல் டச் என்று மட்டும் இருந்தால் கிளாஸி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பழைய டச் மாடல்களில் மேல் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கும். அதனால் ஒன்றுக்குப் பதில் மூன்று தளங்கள் ஒளியைத் திருப்புகின்றன, பிரதிபலிப்பு 10 சதவீதத்தைத் தாண்டலாம். கண்ணாடியைப் பேனலோடு ஒட்டிய புதிய மாடல்கள் எவ்வளவோ மேல். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை பெரும்பாலும் கிளாஸிதான். அதன் பூரணக் கறுப்பும் மேலே சொன்ன 5 நிட்ஸ் சட்டைக்குத் தப்பாது.

நிறுவனங்களுக்கு விற்கும் திங்க்பேட், எலைட்புக் வரிசைகளில் மேட்டே வழக்கமாக இருப்பது தற்செயல் அல்ல. அலுவலகத் திரைகளில் தொந்தரவு தரும் பிரதிபலிப்பு இருக்கக் கூடாது என்று ஐரோப்பாவில் 1990லேயே உத்தரவு வந்துவிட்டது. ஆப்பிள் 15 இன்ச் மேக்புக் ப்ரோவில் 2012 மாடல் வரை மேட்டை விருப்பத் தேர்வாகக் கொடுத்து, பிறகு நிறுத்தி, 2024ல் நானோ-டெக்ஸ்சர் என்ற பெயரில் கூடுதல் விலைக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

ஏற்கெனவே கிளாஸி வாங்கிவிட்டவர்களுக்கு

மேஜையைத் திருப்புங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், முகத்துக்கு நேராகவும் வேண்டாம். தோள் பக்கம் வரட்டும். திரையை 5 டிகிரி சாய்த்தால் பிரதிபலிப்பு 10 டிகிரி நகரும். அதனால் மேலே தெரியும் டியூப்லைட்டை விரட்ட மூடியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாலே போதும். டார்க் மோடைப் பகலில் அணைத்துவிடுங்கள். கறுப்புப் பின்னணிதான் முகம் பார்க்கும் கண்ணாடி வேலை செய்கிறது, வெள்ளைப் பின்னணியில் அதே பிரதிபலிப்பு அமுங்கிப்போகும். கண்வலி என்று சொல்பவர்களில் பலருக்கு இந்த மூன்றிலேயே ஆறுதல் கிடைக்கும். வெளிச்சமான அறையில் 400 நிட்ஸுக்கு மேல் உள்ள கிளாஸி, 220 நிட்ஸ் மேட்டைவிடப் படிக்கச் சுகமாக இருப்பதும் உண்டு.

மேட் ஃபிலிம் கடைசி வழி. ஒட்டினால் எழுத்துக் கூர்மை கொஞ்சம் போகும் என்பது பட்டர் பேப்பரிலேயே தெரிந்தது. அதைவிடக் கவலை மூடியின் இடைவெளி. இன்றைய மெல்லிய லேப்டாப்கள் மூடும்போது விசைகளுக்கும் திரைக்கும் நடுவே இடமே இல்லை. கேமரா மறைப்பு 0.1 மில்லிமீட்டரைவிடத் தடிமனாக இருக்கக் கூடாது என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. சாதாரண பிரின்டர் தாளின் தடிமன் அது. டெம்பர்டு கிளாஸை லேப்டாப் பக்கமே கொண்டுவராதீர்கள். சிலிக்கான் கீபோர்டு கவரை எடுக்காமல் மூடுவதும் அதே ரகம், திரையில் அழுத்தத் தழும்பு விழும்.

துடைப்பதில் நடக்கும் கொலை

மேட் திரையின் பரம எதிரி அழுத்தித் துடைக்கும் கை. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் சொரசொரப்பு மழுங்கி, அந்த இடம் மட்டும் பளபளக்கும். அது திரும்ப வராது. திரையில் சதுரம் சதுரமாகத் தெரியும் தடங்கள் கீறல் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது பைக்குள் நெருங்கியபோது விசைகளிலிருந்து ஒட்டிய கை எண்ணெய். திரையோடு விசைகளையும் துடைத்தால்தான் நிற்கும்.

லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, முதலில் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, டிஸ்டில்டு வாட்டர் நாலைந்து சொட்டு துணியில் விடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புப் புள்ளி நிற்கும். சானிடைசரும் வேண்டாம், பலவற்றில் உள்ள கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும். ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த திரவம் பூச்சையே கெடுக்கும். மேலிருந்து கீழே லேசாக இழுத்து, பிறகு உலர்ந்த மடிப்பால் ஒரு முறை துடையுங்கள். நானோ-டெக்ஸ்சர் திரைக்கு அதோடு வரும் துணி மட்டும்தான், போகாத கறைக்கு அந்தத் துணியில் 70% ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சிறிது.

திரைமேல் நேராக ஸ்பிரே அடிக்கவே கூடாது. திரவம் வழிந்து கீழ் விளிம்பின் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இறங்கும். பேனலை இயக்கும் சிப்புகளும் ரிப்பன் கேபிளும் பல மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. மறுநாள் செங்குத்தாகக் கோடு விழுந்தால் காரணம் இதுவாகவே இருக்கும்.

பேனலையே மாற்றுவதென்றால்

டச் இல்லாத, மேலே தனிக் கண்ணாடி இல்லாத கிளாஸி பேனலுக்குப் பதில் மேட் பேனல் போடலாம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் முன் பழைய பேனலின் முதுகில் உள்ள லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவு, ரெசல்யூஷன், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, ரெஃப்ரெஷ் ரேட், திருகுக் காது உண்டா இல்லையா, இத்தனையும் ஒத்துப்போக வேண்டும். 15.6 இன்ச் மேட் என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதில் மலிவானதைத் தருவார்கள். ஏயூஓ நிறுவனத்தின் பேனலில் மாடல் எண் பி156எச்டிஎன் (B156HTN) என்று தொடங்கினால் பழைய டிஎன் வகை, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் திரியும். பி156எச்ஏஎன் (B156HAN) என்றால் ஐபிஎஸ் போன்றது. இரண்டும் எஃப்எச்டி, இரண்டும் மேட்டாகக் கிடைக்கும், ஓர் எழுத்துதான் வித்தியாசம். பில்லில் இந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.

பொருத்தியதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களைத் திரை முழுக்க ஓடவிட்டுச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். மேட் கேட்டதற்குப் பளபளவென்று ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கேயே சண்டைக்குப் போக வேண்டாம். மூலையில் சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், அது பாதுகாப்பு ஃபிலிம். அதை உரித்துவிட்டு டார்ச்சை அடியுங்கள். புள்ளி கரைந்து பரவினால் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.