ஏற்கெனவே உடல் குறைபாடு உள்ளவருக்குப் பக்கவாதம்: ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் தானாகவே நடந்துவிடும் என்று இருந்துவிட முடியாது. கூட வந்தவர்கள் வாயைத் திறந்து சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டியை இழுத்தோ உறிஞ்சியோ எடுத்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் த்ராம்பெக்டமி. பொதுவாக 6 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மிச்சமிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம்.

சரி, குறைபாடு இதில் எங்கே குறுக்கே வருகிறது? ரேங்கின் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. தொந்தரவே இல்லாதவருக்கு 0, கொஞ்சம் உதவி தேவைப்பட்டாலும் தானே நடப்பவருக்கு 3, பிறர் துணையின்றி நடக்க முடியாதவருக்கு 4, படுத்த படுக்கையானவருக்கு 5, இறப்புக்கு 6. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு தேறினார் என்று பார்க்க உருவான அளவுகோல் இது. இப்போது சிகிச்சைக்கு முன்பே வாசலில் நின்று ஆளை எடைபோடவும் பயன்படுகிறது.

2015-ல் இந்தச் சிகிச்சையின் பலனை நிலைநாட்டிய ஆய்வுகளில், பெரும்பாலும் அதுவரை நன்றாக நடமாடியவர்களையே சேர்த்தார்கள். மூன்று மாதம் கழித்து 0 முதல் 2-க்குள் வந்தால் வெற்றி என்று கணக்கு வைத்தால், முன்பே 3-ல் இருந்தவர் எப்படித் தேறினாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதனால்தான் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்காமல் விட்டார்கள். அவர்களுக்குப் பலன் இல்லை என்று யாரும் நிரூபித்துவிட்டு விடவில்லை. வழிகாட்டுதல்களும் அந்த ஆய்வுகளின் வழியிலேயே எழுதப்பட்டன. அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதல் 0, 1 உள்ளவர்களுக்கு உறுதியாகப் பரிந்துரைத்தது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கும் செய்வது பொருத்தமாக இருக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 3-க்குக் கீழே உள்ளவர்களுக்கு என்கிறது. மேலே இருப்பவருக்குச் செய்யக் கூடாது என்ற தடை இரண்டிலும் இல்லை.

இந்த எண்ணை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே கணக்கு வழக்கு பார்க்கிறவரும், முற்றிய மறதிநோயால் எல்லாவற்றுக்கும் பிறரைச் சார்ந்திருப்பவரும் 4 என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கலாம். அவசரப் பிரிவில் "முன்னாடி எப்படி இருந்தார்?" என்று கேட்கும்போது "நடக்க மாட்டார்" என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நடக்க மாட்டார். நேற்று ராத்திரி வரை தானே சாப்பிட்டார், போனில் பேசினார், வலது கை நன்றாக வேலை செய்தது. இன்று காலை 7 மணிக்குத்தான் அந்தக் கை விழுந்தது" என்று சொல்லுங்கள். எது பழைய பலவீனம், எது புதியது, கடைசியாக எப்போது வழக்கம்போல இருந்தார்: இந்த மூன்றும் மருத்துவருக்கு உடனே தேவை. நோயாளிக்குப் பேச்சே வராமல் போயிருக்கலாம் என்பதால், பல நேரம் இதைச் சொல்ல உங்களைத் தவிர ஆள் இருக்காது.

மறுப்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ரத்தக்கசிவாக இருக்கலாம்; அடைப்பு சின்னக் குழாயில் இருக்கலாம்; மூளையின் பெரும்பகுதி முன்பே செயலிழந்திருக்கலாம். முன்பே குறைபாடு உள்ளவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் அவர்களிலும் ஒரு பகுதியினர் தங்கள் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். அதுவரை தானே சாப்பிட்டவருக்கு அந்தக் கை திரும்பக் கிடைப்பது சின்ன விஷயமா என்ன?

ஆகவே, முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள்: ஸ்கேனில் தெரிந்ததாலா, குறைபாட்டாலா? 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாரபட்சமாக மருத்துவம் மறுக்கப்படுவதை நாடுகள் தடுக்க வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட ஒரு சிகிச்சையை வாங்கித் தரும் சீட்டு அல்ல அது. ஆனாலும் காரணம் கேட்க அதுவே போதும்.

அப்புறம், இப்படிப்பட்ட சிகிச்சையே வேண்டாம் என்று அவர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.