சிகிச்சை விட்டுச்செல்லும் தடம்

மார்பகப் புற்றுநோய்க்கோ லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கோ சிகிச்சை எடுத்து நன்றாகத் தேறிய ஒருவருக்குச் சில வருடங்கள் கழித்து லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வருகிறது. பழைய நோய் திரும்பி வரவில்லை, இது வேறு நோய். அன்று உயிரைக் காத்த கீமோதெரபியோ கதிர்வீச்சோ இதற்கு வழிவிட்டிருக்கலாம். கேட்கவே மனம் கனக்கிறது. ஆனால் இப்படி நேர்வது சிலருக்குத்தான். இதற்குப் பயந்து தேவையான கீமோவை மறுப்பதுதான் பெரிய ஆபத்து.

இப்படி நோய் வந்தவரின் எலும்பு மஜ்ஜையில் எடுத்த செல்களை, அவை இரண்டாகப் பிரியும் கட்டத்தில் நிறுத்திச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குரோமோசோம்கள் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாகத் தெரியும். பலரிடம் 46 இருக்க வேண்டிய இடத்தில் 45தான் இருக்கும். 7-ஆம் ஜோடியில் ஒன்றைக் காணோம். அல்லது 5-ஆம் ஜோடியில் ஒன்றின் நீண்ட கை குட்டையாகியிருக்கும். சிகாகோவின் மரபியல் ஆய்வாளர் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஆராய்ந்தவர். லிம்போமா சிகிச்சைக்குப் பின் லுகேமியா வந்தவர்களிடம் இந்த 5, 7 இழப்பு திரும்பத் திரும்ப வருவதை அவர் குழு 1977-இல் எழுதியது.

சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள் டிஎன்ஏ-வின் இரு இழைகளையும் ஒட்டவைத்துவிடும். செல் அதைப் பழுதுபார்க்கும்போது பிசகினால் குரோமோசோம் துண்டுகள் தொலைந்துபோகும்; 5, 7 இழப்பு இப்படித்தான். இந்த வகை லுகேமியா தலைகாட்டப் பெரும்பாலும் 5 முதல் 10 வருடம் ஆகும்.

எட்டோபோசைடு, டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்துகளின் வழி வேறு. டிஎன்ஏ-வில் சிக்கு விழுந்தால் டோபோஐசோமரேஸ் என்ற நொதி இரு இழைகளையும் வெட்டி, சிக்கெடுத்து, மறுபடி ஒட்டும். வெட்டியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை; அந்த நொடியில் மருந்து நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. அறுந்த நுனி வேறொரு குரோமோசோமின் நுனியோடு ஒட்டிக்கொள்ளலாம். 11-ஆம் குரோமோசோமின் கேஎம்டி2ஏ மரபணு இப்படி அறுந்து ஒட்டினால், அந்தக் கலப்புப் புரதம் ரத்தச் செல்களை முதிரவே விடாது. நோய் 1 முதல் 3 வருடத்திலேயே வந்துவிடும்.

அப்புறம் டிபி53, டிஎன்ஏ சேதமடைந்த செல்லை மடியவைக்கும் காவல் மரபணு. இந்த மரபணுவின் பிறழ்வை மருந்துதான் உண்டாக்குகிறது என்றே நினைத்திருந்தார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சில நோயாளிகளிடம் கீமோவுக்கு முன்பு சேமித்த மாதிரிகளிலேயே அதே பிறழ்வு மிகச் சில செல்களில் இருந்ததைக் காட்டியது. வயலில் மருந்தடித்தால் அதற்கு அசையாத களை மட்டும் நின்று பரவுமே, அதே கதைதான். டிபி53 கெட்ட செல், மற்றவை மடியும் இடத்தில் பிழைத்துக்கொள்கிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்: மருந்து இங்கே விதைக்கவில்லை, இடம் காலிசெய்து கொடுத்திருக்கிறது.

டிபி53 வகைக்கு ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகும் நோய் அடிக்கடி திரும்புகிறது. கேஎம்டி2ஏ வகையில் சற்று வெளிச்சம் தெரிகிறது. அந்தக் கலப்புப் புரதம் வேலை செய்ய மெனின் என்ற இன்னொரு புரதத்தின் துணை வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெவுமெனிப் என்ற மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. முதிராமல் நின்ற செல்கள் முதிரத் தொடங்குகின்றன.