எந்த சீஸ், யாருக்கு, எதோடு?

"மேடம், சீஸ் சாப்பிடலாமா?" உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள். எந்த சீஸ் என்று கேட்டால், "அந்த ஸ்லைஸ்தான்" என்று பதில் வரும். அல்லது பீட்சாவில் நூலாக இழுபடும் மொசரெல்லாவைச் சொல்வார்கள். இந்த இரண்டுமே தயாரிப்பிலும் உப்பிலும் வேறு வேறு. நாம் குருமாவில் போடும் பனீரும் ஒரு சீஸ்தான், அதில் உப்பு மிகக் குறைவு. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆம், இல்லை என்று என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஸ்லைஸிலிருந்து தொடங்குகிறேன். செடார் போன்ற கெட்டியான சீஸை உருக்கி, கொழுப்பு பிரிந்து வராமலிருக்க சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகளைச் சேர்த்து ஆறவைப்பதுதான் இந்த புராசெஸ்டு சீஸ். 1911-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய முறை. 1916-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் இதே போன்ற ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நெடுநாள் கெடாது, தோசை மேல் போட்டால் அழகாக உருகும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என் கவலை உப்பு பற்றியது. 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சாண்ட்விச்சில் இரண்டு ஸ்லைஸ் வைத்தாலே அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அப்புறம் ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் எல்லாம் இருக்கிறது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும், பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸைச் சரியாக வெளியேற்ற முடியாது. உணவில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸைவிட, தயாரிப்பில் சேர்க்கும் பாஸ்பேட்டை உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலர் பருப்பை அளந்து சாப்பிடுவார்கள், ஸ்லைஸ் சீஸைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அவர்களிடம் உறையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். பாமாயிலும் ஸ்டார்ச்சும் அங்கே இருந்தால், கையில் இருப்பது சீஸ் மாதிரி செய்யப்பட்ட வேறொரு பொருள். பாலின் புரதமும் கால்சியமும் அதில் அதே அளவுக்குக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

சீஸை அன்றாடம் சாப்பிடும் நாட்டுக்காரர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கவனிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். சுவிட்சர்லாந்தில் ராக்லெட் சீஸை அனலில் காட்டி, உருகி வருவதை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போட்டு, வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரிக்காயோடு சாப்பிடுவார்கள். கிரேக்கர்கள் ஃபெட்டாவைத் தக்காளி, வெள்ளரி, ஆலிவோடு சேர்ப்பார்கள். சைப்ரஸின் ஹலூமி உருகாது, தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுக்கலாம். பிரான்சில் சாப்பாடு முடிந்து இனிப்பு வருவதற்கு முன் ஒரு சின்னத் துண்டு. நெதர்லாந்தின் லெய்டன் சீஸில் சீரகம் போடுகிறார்கள்! நம் நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் பழுக்கும். அவ்வளவு ஆழமான ருசி இருப்பதால் பாஸ்தா மேல் ஒரு தேக்கரண்டி துருவல் போதும்.

உப்பு மிகுந்த, ருசி மிகுந்த சீஸைக் கொஞ்சமாக எடுத்து, உப்பில்லாத கிழங்கோடும் காய்கறியோடும் சேர்ப்பது நல்ல வழக்கம். ஃபெட்டாவைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு ஓரளவு இறங்கிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆசைப்பட்டால், பெரிய ஓட்டைகள் உள்ள எம்மென்டால் வகையைச் சொல்வேன். அதில் சோடியம் மற்றவற்றைவிடக் குறைவு.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அவர்களுக்குச் செரிக்காத லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் பெரும்பகுதி சீஸ் செய்யும்போது பிரிகிற தண்ணீரோடு போய்விடும். மிச்சத்தை, சீஸ் பழுக்கும் மாதங்களில் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். பழுத்த செடாரும் பார்மிஜானோவும் இவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பால் அலர்ஜி வேறு விஷயம். அலர்ஜி உள்ளவர்களுக்கு எந்த சீஸும் கூடாது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் அடுத்ததை நிதானமாகப் படியுங்கள். சீஸ் பழுக்கப் பழுக்க டைரமின் என்ற பொருள் அதில் கூடும். சாதாரணமாக நம் குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடும். சில மருந்துகள் அந்த வேலையைத் தடுக்கும்போது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். 1960-களில் இங்கிலாந்தில், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்ட தன் மனைவிக்கு சீஸ் சாப்பிட்டபோதெல்லாம் கடும் தலைவலி வந்ததை ஒரு மருந்தாளுநர் கவனித்து எழுதினார். பாரி பிளாக்வெல் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து, 1963-ல் அந்தத் தொடர்பை வெளியிட்டார். அந்த வகை மனச்சோர்வு மாத்திரைகள் இப்போது அரிது. ஆனால் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் இந்தத் தன்மை உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட்டுக்கும் லேசாக உண்டு. நம் நாட்டில் காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பழுத்த சீஸைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலைவலியோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், சீஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை பழுத்த செடார், பார்மிஜானோ, நீலப் பூஞ்சையை வளர்த்துச் செய்யும் நீலப்பூஞ்சை சீஸ் வேண்டாம். அன்றன்று செய்த புது பனீர் போதும்.

கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியவை வேறு: பிரீ, காமெம்பேர் போன்ற மென்மையான பிரெஞ்சு சீஸ்கள், நீலப்பூஞ்சை வகைகள், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ். லிஸ்டீரியா என்ற கிருமி இவற்றில் வளரலாம், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். 1985-ல் லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ பாணி மென்சீஸ் வழியாக 142 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. கருவிலேயே இறந்த குழந்தைகளையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. ஆவி பறக்கச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும். அதனால் கர்ப்பிணி ஆசைப்பட்டால் நன்றாக வெந்த பீட்சாவோ பனீர் குழம்போ கொடுங்கள், பயமில்லை. கெட்டியான செடாரும் சாப்பிடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இறக்குமதி சீஸை வாங்கும்போது பச்சைப் புள்ளியைத் தேடுங்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வருகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் விதிப்படியே அதுதான்.

கடைசியாக, பூஞ்சை. செடார் போன்ற கெட்டி சீஸில் ஒரு புள்ளி தெரிந்தால், அதைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். வெட்டும்போது கத்தி பூஞ்சையில் படக் கூடாது. பனீர், கிரீம் சீஸ், துருவிய சீஸ், ஸ்லைஸ் இவற்றில் தெரிந்தால் பாக்கெட்டோடு குப்பையில் போட்டுவிடுங்கள்.